மறதி நோய்: பார்த்துக்கிறவளுக்கு என்ன வழி?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



கடன், வசூல், தையல், மசாலாப் பொடி எல்லாம் மற்றவங்க பேசுவாங்க, நீ உங்க அத்தையைப் பற்றிப் பேசு என்று செயலாளர் அக்கா சொன்னாங்க. வீட்டுக் கதையை மேடையில் எப்படிச் சொல்வது என்று எனக்கு யோசனையாத்தான் இருந்தது. ஆனால் போன மாதக் கூட்டத்தில் நான் சந்தாவைக் கட்டிவிட்டு அஞ்சு நிமிஷத்தில் எழுந்து ஓடினப்போ, "இவளுக்கு எப்பப் பாரு அவசரம்" என்று ஒரு அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. சரி, அந்த அவசரம் என்னன்னு சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன்.

எங்க ஊர் வெம்பக்கோட்டை பக்கம். நான் பட்டாசு ஆபீஸில் தரைச்சக்கரம் சுத்துற வேலை பார்த்தவள். எங்க அத்தை, அதாவது என் வீட்டுக்காரரைப் பெத்தவங்க, பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதிச்சதில்லை. ஏழெட்டு வயசில் இருந்து தீப்பெட்டி ஆபீஸ். விடியுமுன்னே நாலு மணிக்கெல்லாம் வண்டி வந்து ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது. குச்சியைக் கட்டையில் அடுக்குவது, கல்யாணம் ஆன பிறகு வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவது. ஒரு குரோஸ்னா 144 பெட்டி. அத்தை ஒட்டிப் போட்ட குரோஸில்தான் என் வீட்டுக்காரர் பத்தாவது வரைக்கும் படிச்சார், என் நாத்தனார் கல்யாணம் முடிஞ்சது. கணக்கில் அத்தையை யாரும் ஏமாத்த முடியாது. பெட்டியை எண்ண வர்ற ஆளுக்கு முன்னாடியே இவங்க எண்ணி முடிச்சிருப்பாங்க.

அந்தக் கணக்குதான் முதலில் தப்பினது. ஆறு வருஷம் முன்னாடி. கடைக்குப் போய் மீதிச் சில்லறையைத் தெரியாமல் முழிச்சாங்க. குழம்புக்கு ரெண்டு தடவை உப்பு. கேட்டதையே கேட்பாங்க. நாங்க சிரிச்சோம். அதற்குப் பிறகு ஒருநாள் அவங்க சுருக்குப்பையில் இருந்த ரெண்டாயிரம் ரூபாயைக் காணோம், மருமகள்தான் எடுத்தாள் என்று தெருவில் நின்று சத்தம் போட்டாங்க. இருபது வருஷம் ஒரே அடுப்பில் சோறு ஆக்கினவள் நான். அன்னைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். பணம் அரிசிப் பானைக்குள்ளே இருந்தது, அவங்களேதான் வச்சிருக்காங்க. இந்த நோயில் இப்படித் திருட்டுப் பட்டம் கட்டுவது சகஜம் என்று எனக்குத் தெரிய வந்தது ரெண்டு வருஷம் கழிச்சு. அந்த ரெண்டு வருஷமும் நான் அவங்களோடு சரியாப் பேசவில்லை. முதல்லயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ரெண்டு வருஷம் எங்களுக்கு மிச்சமாகியிருக்கும். மருந்து மாத்திரையைவிட எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் பெரிசாத் தெரியுது.

ஒரு மார்கழி, நாலு மணிக்குக் கண் முழிச்சால் பாயில் ஆள் இல்லை. தேடிப் போனால் சாத்தூர் ரோட்டில், தலையில் முக்காடு போட்டு, கையில் தூக்குவாளியோடு நிக்கிறாங்க. "எங்கிட்டுப் போறீங்க அத்தை?" என்றால், "ஆபீஸ் வண்டி வர்ற நேரம், நீ வீட்டுக்குப் போம்மா" என்கிறாங்க. நான் யாரோ வழியில் போகிறவள் மாதிரி. அந்த வண்டி நின்று நாற்பது வருஷம் இருக்கும். லாரி போகிற ரோடு அது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் பார்த்த இடத்தில் "வயசானா அப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டாவது இடத்தில் இன்னைக்கு என்ன தேதி, நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிங்க என்று கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. எங்க அத்தை நல்லா இருந்த காலத்திலேயே இங்கிலீஷ் தேதி சொன்னதில்லை. அமாவாசை எப்போ, பங்குனிப் பொங்கல் எப்போ என்று கேட்டிருந்தால் வியாதி உண்டா இல்லையான்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். இதை நான் குத்தமாகச் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு என்று வெளிநாட்டில் செஞ்ச கேள்வி அது. 1998-இல் கொச்சியில் கூடின ஆராய்ச்சியாளர்கள் ஒரு குழு ஆரம்பிச்சாங்க, அதற்கு வச்ச பேரே 10/66. உலகத்தில் இந்த நோய் உள்ளவங்களில் 66 சதவீதம் பேர் நம்மை மாதிரி நாடுகளில் இருக்காங்க, ஆனால் ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட நம்மைப் பற்றி இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம் போகாத ஆளையும் சரியாகக் கண்டுபிடிக்கிற மாதிரி கேள்விகளை அவங்க தயார் பண்ணியிருக்காங்க. நம்ம சென்னையிலும் வேலூரிலும் அதை வச்சு ஆய்வு நடந்திருக்கு.

மூணாவதாகப் பார்த்த டாக்டர்தான் உட்கார வச்சு விளக்கினார். ரத்தப் பரிசோதனை, தலைக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்தார். ஏன் எடுக்கணும் என்பதை நீங்களும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. தைராய்டு குறைஞ்சாலும், பி12 சத்து இல்லாமல் போனாலும், மனச்சோர்வு இருந்தாலும், கீழே விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டினாலும் இதே மாதிரி மறதி வரும். அதையெல்லாம் வைத்தியம் செஞ்சு சரி பண்ண வழி இருக்கு. வயசானவங்களுக்கு யூரின் இன்பெக்‌ஷன் வந்தால்கூட ரெண்டு நாளில் திடீரென்று பிதற்றுவாங்க, மருந்து கொடுத்தால் தெளிஞ்சிடுவாங்க. அதனால் "வயசாயிருச்சு" என்று விட்டுவிடக் கூடாது. அத்தைக்கு இதெல்லாம் இல்லை. மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற அல்சைமர் என்றார். மறதி நோய், அதாவது டிமென்ஷியா, பல வகை. அதில் பெரும்பங்கு இந்த அல்சைமர். ஆளைக் குணமாக்குகிற மருந்து இல்லை, சிலருக்குக் கொஞ்ச காலம் வேகத்தைத் தணிக்கிற மாத்திரை உண்டு. சமீபத்திய ஞாபகம் முதலில் போகும், பழசு அதைவிட ரொம்ப நாள் நிற்கும். காலையில் சாப்பிட்டது நினைவில்லாமல் நாற்பது வருஷம் முந்தின வண்டிக்குக் கிளம்பினது அதனாலதான்.

இனி என் வேலைக் கதை. நமக்கு வேலைக்குப் போனால்தான் கூலி, சுத்தின சக்கரத்துக்குத்தான் காசு. மழைக்கு ஆபீஸ் கிடையாது. 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பசுமைப் பட்டாசு, சரவெடிக்குத் தடை, பேரியத்துக்குத் தடை என்று வேலை நாளே குறைஞ்சுபோச்சு. கிடைக்கிற நாளில் போகாமல் இருந்தால் அடுத்த முறை நம்மைக் கூப்பிட மாட்டாங்க. அத்தை ரோட்டுக்குப் போன மார்கழியோடு நான் வேலையை விட்டேன். மாசம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வந்துகொண்டிருந்தது அப்படியே நின்றது. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறார், வாரத்தில் நாலு நாள் வெளியூர். நம்ம குழுவில் வாங்கின கடனுக்கு நான் மூணு தவணை தவறினது அந்தச் சமயம்தான். குழுத் தலைவி வீட்டுக்கு வந்து அத்தையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாங்க.

அப்போ ஒருத்தர் வந்தார். "வீட்டில்தானே இருக்க, திரி வேலை கொண்டுவந்து போடுறேன், ராத்திரி உட்கார்ந்து செய்" என்றார். நம்ம பகுதியில் இது புதுசு இல்லை. வீட்டில் வச்சு வெடி வேலை செய்வது சட்டப்படி குற்றம், உயிருக்கு உலை. இருந்தும் ஏன் நடக்குது? வீட்டை விட்டு நகர முடியாத பொம்பளை இருக்கிற வீட்டைப் பார்த்துத்தான் அந்த ஆள் வருகிறார். கைப்பிள்ளைக்காரி, படுக்கையில் கிடக்கிற மாமனாரைப் பார்த்துக்கிறவள், என்னை மாதிரி ஒருத்தி. நான் ரெண்டு நாள் யோசிச்சேன். பொய் சொல்லவில்லை, யோசிச்சேன். மூணாம் நாள் சாயங்காலம் அத்தை விளக்கேத்தணும் என்று தீப்பெட்டியைத் தேடி வீடு முழுக்க அலைஞ்சாங்க. மறதி நோய்க்காரங்களுக்குப் பொழுது சாயச் சாயத்தான் பதற்றம் கூடும். அந்த வீட்டில் திரியும் மருந்தும் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைச்சதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வேண்டாம் என்று சொல்ல என் வீட்டுக்காரர் சம்பளம் பாதியாவது இருந்தது. அதுவும் இல்லாதவள் என்ன சொல்வாள்?

இன்னொன்றையும் சொல்லணும். மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லு என்றாங்க. எங்க சொந்தத்தில் ஒரு பெரியம்மா வந்திருந்தாங்க. அத்தையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "ஏம்மா இப்படிக் கிடந்து சாகுற? தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிப்பாட்டி விட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்றாங்க. இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அது என்ன பேச்சு என்று தெரியும். தலைக்கூத்தல். 2010-இல் நம்ம மாவட்டத்துப் பேரைப் போட்டுப் பத்திரிகைகளில் வந்தது. 2019-இல் வந்த 'கே.டி. என்கிற கருப்புதுரை' படத்தில் அந்தப் பெரியவர் தப்பி ஓடுவதை டிவியில் பார்த்துச் சிரிச்சோம், அழுதோம். அது கொலை. அதில் ரெண்டு பேச்சுக்கு இடமில்லை. அந்தப் பெரியம்மாவை நான் வாசலோடு அனுப்பிவிட்டேன். ஆனால் அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன்னா அவங்க சொன்னப்போ எனக்குக் கோபம் வர ஒரு நிமிஷம் ஆச்சு. அந்த ஒரு நிமிஷம் எனக்குள்ளே என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியும். மூணு வருஷம் ஒருநாள்கூட முழுசாத் தூங்காதவள் மனசு அது.

அதனால்தான் திட்டம், கொள்கை என்று பேசும்போது நான் ஆஸ்பத்திரியில் இருந்து ஆரம்பிக்க மாட்டேன், பார்த்துக்கிறவளில் இருந்து ஆரம்பிப்பேன்.

இது என் ஒருத்தி வீட்டுக் கதை இல்லை. நம் நாட்டு முதியோரை வச்சு நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவங்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய், மொத்தம் 88 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்காங்க. ஆம்பளைகளைவிடப் பொம்பளைகளுக்கு அதிகம், டவுனைவிடக் கிராமத்தில் அதிகம், படிக்காதவங்களுக்கு அதிகம். மூணையும் சேர்த்துப் பாருங்க, யார் முகம் தெரியுது? நமக்கு முந்தின தலைமுறைத் தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளை முகம்தான். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதிமூணு பேருக்கு மேல் அறுபதைத் தாண்டினவங்க. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்து நாமதான்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மறதி நோய்க்கு என்று ஒரு செயல்திட்டம் போட்டு, ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு திட்டம் வகுக்கணும் என்று சொன்னது. பார்த்துக்கிறவங்களுக்கு ஆதரவு என்பது அதில் ஒரு தனிப் பகுதியாகவே இருக்கு. நம் நாட்டுக்கு அப்படி ஒரு தேசியத் திட்டம் இன்னும் வரவில்லை. பக்கத்தில் கேரளா 2014-இல் 'ஸ்மிருதிபதம்' என்று தொடங்கி, பகல் நேரப் பராமரிப்பு மையமும் முழுநேர மையமும் வச்சாங்க. எண்ணிக்கையில் அது கொஞ்சம்தான், ஆனாலும் அரசாங்கம் இது என் பொறுப்பு என்று ஒரு பேர் வச்சுச் சொன்னதே பெரிய விஷயம்.

நம்மகிட்ட அதைவிடப் பெரிய ஒன்று ஏற்கெனவே இருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினாங்க. பி.பி. மெஷினும் சுகர் மெஷினும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு வர்ற பெண் சுகாதாரத் தன்னார்வலர் யார்? நம்ம குழுப் பொம்பளைகள்தானே! எங்க வீட்டுக்கும் அந்தத் தங்கச்சி மாசா மாசம் வர்றாள். அத்தைக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போறாள். "அக்கா, இவங்களைப் பற்றி எழுத என் நோட்டில் இடம் இல்லை" என்று அவளே ஒருநாள் சொன்னாள். நான் கேட்கிற முதல் காரியம் அந்த இடம்தான். பணம், சாமான், திரும்பத் திரும்பக் கேட்பது, வழி தவறுவது என்று ஒரு நாலைந்து கேள்வி அந்த நோட்டில் சேரணும். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதி அனுப்பணும்.

எட்டாவது, பத்தாவது படிச்ச பொம்பளைக்கு இது முடியுமா என்று கேட்பாங்க. கேரளாவில் திருச்சூர் பக்கம் உள்ளூர் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில மணி நேரம் சொல்லிக் கொடுத்தே பார்த்திருக்காங்க. அவங்க அடையாளம் காட்டின ஆட்களில் பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு உண்மையிலேயே நோய் இருந்தது. கோவாவில் இன்னும் ஒரு படி மேலே போனாங்க. பன்னிரண்டாவது படிச்ச உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. இது நோய், வேணும்னு செய்யலை என்று குடும்பத்துக்கு விளக்குவது, கோபப்படுத்தாமல் எப்படிக் குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது என்று சொல்லித் தருவது, அரசு உதவிக்கு மனு எழுதித் தருவது, பார்த்துக்கிறவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது. தேவைப்பட்டால் டாக்டர். 81 குடும்பங்களை வச்சு ஆறு மாசம் பார்த்தாங்க, 2008-இல் முடிவு வந்தது. பார்த்துக்கிறவங்களோட மன உளைச்சல் குறைஞ்சிருந்தது. இதைப் படிச்சுக் காட்டினப்போ நான் நினைச்சேன், என்னைத் திருடி என்று அத்தை சொன்ன அன்னைக்கு இப்படி ஒருத்தி என் வாசலுக்கு வந்திருக்கக் கூடாதா!

ரெண்டாவது, மூச்சு விட நேரம். எனக்கு வாரத்தில் ரெண்டு அரை நாள் போதும். அரை நாளில் நான் ரேஷன் வாங்குவேன், பேங்குக்குப் போவேன், தூங்குவேன். நம்ம ஊராட்சி மகளிர் கட்டடம் மாசக் கூட்டத்துக்குத் திறக்கிறதோடு சரி, மற்ற நாள் பூட்டித்தான் கிடக்கு. அங்கே வாரத்தில் ரெண்டு நாள், பத்து மணியில் இருந்து ரெண்டு மணி வரைக்கும் அஞ்சாறு பெரியவங்களை உட்கார வச்சு, ரெண்டு பேர் பார்த்துக்கொண்டால் போதும். அந்த ரெண்டு பேருக்குச் சம்பளம் அரசு கொடுக்கணும். சும்மா செய்யுங்க, சேவை என்று சொல்லக் கூடாது. பொம்பளை செய்கிற வேலை என்றால் எல்லாத்துக்கும் சேவை என்று பேர் வச்சுவிடுகிறார்கள், எனக்கு அதில் கோபம் உண்டு.

மூணாவது காசு. முதியோர் உதவித்தொகை மாசம் 1,200 ரூபாய், அது அத்தைக்கு வருது, சந்தோஷம். மாற்றுத்திறனாளி பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய் இருக்கே என்று விசாரிச்சேன். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கு. நடுக்குவாதம் அதில் பேர் சொல்லி இருக்கு. மறதி நோய் என்று பேர் சொல்லி இல்லை. மனநோய் என்ற வகையில் சேர்த்துச் சான்று வாங்கலாம் என்கிறாங்க. அதற்கு அத்தையை மருத்துவக் குழு முன்னாடி கொண்டு போகணும். பஸ்ஸில் ஏறினாலே "என்னைக் கடத்திக்கொண்டு போறா" என்று கத்துகிற ஆளை எப்படிக் கொண்டு போவது? ஒரு தடவை பாதி வழியில் இறங்கித் திரும்பினோம். இந்த நோய்க்கு வீட்டுக்கே வந்து பார்த்துச் சான்று கொடுக்க வழி செய்யணும், பட்டியலில் பேர் சேரணும்.

காப்பீட்டைச் சொல்வாங்க. 70 வயதுக்கு மேற்பட்டவங்களுக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கினாங்க, முதலமைச்சர் காப்பீடும் இருக்கு. நல்ல விஷயம்தான், இடுப்பு எலும்பு முறிஞ்சால் கைகொடுக்கும். ஆனால் ரெண்டுமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். மறதி நோய்க்காரங்க படுத்திருப்பது ஆஸ்பத்திரியில் இல்லை, நம்ம திண்ணையில்.

சட்டத்தைப் பற்றி ஒன்று சொன்னால் சிரிப்பீங்க. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பெரியவங்களைக் கைவிட்டால் மூணு மாசம் ஜெயில். அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் யார் யார்? மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை! சட்டத்துக்கு நாம கண்ணிலேயே படவில்லை. ஆனால் விடிய எழுந்து சேலை மாற்றிவிடுவது யார் என்று நம்ம ஊரில் எந்த வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டுப் பாருங்க. ஜெயிலுக்கு என் பேரைச் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உதவி என்று எழுதும்போது என் பேரை எழுதுங்க என்கிறேன்.

மதுரையில் பெரிய சிறப்பு மையம் வேணும், புது மருந்து வேணும் என்று கேட்பவங்க இருக்காங்க. வரட்டும். 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அங்கே வாரத்தில் ஒருநாள் மறதி நோய்க்கென்று ஒதுக்கினால் நமக்கு மதுரை அலைச்சல் மிச்சம். ஆனால் வரிசையில் அது எனக்குப் பிந்தித்தான்.

வராமல் தடுக்கிறதும் உண்டு. 2024-இல் மருத்துவ அறிஞர்கள் குழு ஒன்று பதினாலு காரணங்களைச் சரிசெய்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைய நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று எழுதியிருக்கு. சின்ன வயதில் படிப்பு இல்லாதது, காது கேட்காதது, பார்வை மங்கல், பிரஷர், சுகர், புகை, குடி, தனிமை, காற்று மாசு எல்லாம் அந்தப் பதினாலில் வருது. வெடிச்சத்தத்திலும் மெஷின் சத்தத்திலும் இருந்த நம்மவங்க எத்தனை பேருக்குக் காது மந்தம்! காது மெஷின் வாங்கிக் கொடுத்தால் கிழவிக்கு எதுக்கு என்கிறோம். பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுங்க, அதுவும் இந்த நோய்க்குத் தடுப்புதான்.

ஜப்பானில் 2005-இல் இருந்து ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்துறாங்களாம். கடைக்காரர், பேங்க் ஆள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் உட்காருவாங்க. முடிச்சவங்களுக்கு ஆரஞ்சு நிறக் கைவளையம். ஒரு கோடிப் பேரைத் தாண்டிவிட்டது. அந்த நோய்க்கு இருந்த கேவலமான பழைய பேரைக்கூட 2004-இல் அரசே மாற்றிவிட்டது. நம்ம ஊரில் என்ன சொல்றோம்? கிறுக்கு, புத்தி பேதலிச்சது, பேய் பிடிச்சது. எங்க அத்தைக்கு மந்திரிக்கக்கூடச் செஞ்சாச்சு, என் நாத்தனார் திருப்பூரில் இருந்து வந்து கூட்டிக்கொண்டு போனாங்க. தப்பில்லை, அவங்களுக்கும் மனசு கேட்கலை. கயிறு இன்னும் கையில் இருக்கு. ஒன்றரை மணி நேர வகுப்பு நம்ம கூட்டமைப்பும் நடத்தலாமே! டீக்கடை அண்ணனும் மினி பஸ் கண்டக்டர் தம்பியும் உட்கார்ந்திருந்தால், முக்காடு போட்டு நிற்கிற ஆளை ரோட்டில் பார்த்ததும் வீட்டுக்குப் போன் பண்ணுவாங்க.

கூட்டமைப்பிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தங்கள் உறுப்பினர் வீட்டில் இப்படி யாராவது இருக்காங்களா என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க, பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு அக்டோபர் 2 கிராம சபைக்குப் போவோம். மகளிர் கட்டடத்தில் பகல் பராமரிப்பு, சுகாதாரத் தன்னார்வலர் நோட்டில் அந்தக் கேள்விகள், வீட்டுக்கு வந்து சான்று, மூணும் தீர்மானமாகட்டும். தீர்மானம் போட்டால் மட்டும் நடந்துவிடுமா என்று கேட்பீங்க. சாராயக் கடைக்கு எதிராப் போட்ட தீர்மானமும் ஒரே நாளில் நடக்கவில்லை, மறந்துவிட்டீங்களா? பார்த்துக்கிறவள் தவணை தவறினால் அபராதம் போடாமல் ஆறு மாசம் அவகாசம் கொடுக்கிறதைப் பற்றியும் பொருளாளர் அக்கா யோசிக்கணும். அது நம்ம கையில் இருக்கு, யாரிடமும் மனு கொடுக்க வேண்டாம். திரி கொண்டுவருகிற ஆளை அந்த ஆறு மாசம் வாசலோடு நிறுத்தும்.

அவசரத்துக்கு ரெண்டு நம்பர் எழுதிக்கோங்க. முதியோர் உதவிக்கு 14567. மனசு தாங்காமல் போனால் உங்களுக்காகப் பேச 14416. ரெண்டும் இலவசம். ரெண்டாவதை நானே ஒரு ராத்திரி கூப்பிட்டிருக்கேன்.

அத்தை எப்படி இருக்காங்க என்று கேட்பீங்க. இப்போ என் பேர் தெரியாது. மகனை அப்பா என்கிறாங்க. ஆனால் போன வருஷம் ஒரு காரியம் நடந்தது. மகன் பள்ளி நோட்டைக் கிழிச்சுப் போட்டிருந்தான். அத்தை அந்தத் தாளை எடுத்து, மடிச்சு, விரலால் நீவி, பெட்டி பண்ணிவிட்டாங்க. அச்சு அசலாக அடிப்பெட்டி. அதில் இருந்து தினமும் அட்டைத்தாளை அளவாக வெட்டிக் கொடுக்கிறேன். பசை கிடையாது, வாயில் வச்சுவிடுவாங்க. சாயங்காலம் பதற்றம் வர்ற நேரத்தில் உட்கார்ந்து மடிப்பாங்க. முடிஞ்சதும், "எத்தனை குரோஸ் ஆச்சு, எழுதிக்கிட்டியா?" என்று கேட்பாங்க. நான் ஆபீஸ் கணக்குப்பிள்ளை. "ரெண்டு குரோஸ் பாட்டிம்மா, எழுதியாச்சு" என்பேன். கூலி கேட்பாங்க, கொடுப்பேன். ராத்திரி அந்தக் காசை அரிசிப் பானையில் இருந்து எடுத்து மறுநாளைக்கு வச்சுக்குவேன்.

இன்னைக்குப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கிறாங்க. அவங்க பேரனைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நாலு மணிக்குக் கூப்பிடப் போகணும். மூணு குரோஸுக்குத் தாள் வெட்டி வச்சுவிட்டு வந்திருக்கேன், இந்நேரம் தீர்ந்திருக்கும். சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லாதீங்க, நான் கிளம்புறேன்.